வெண்புள்ளி விழா

அக்காவின் வலது கை மோதிர விரல் கணுவில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு வந்தபோது, பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். சோப்பை மாற்றினோம். அது நிற்கவில்லை. ஒரு வருடத்துக்குள் இரண்டு புறங்கைகளிலும் விரல் நுனிகளிலும் நிறம் போய், பால் சிந்திக் காய்ந்த மாதிரி ஆகிவிட்டது. வலி கிடையாது, அரிப்பு கிடையாது. பார்க்கிறவர்கள் கண்ணில்தான் அது இருந்தது.

நான் டி.பார்ம் படித்துவிட்டு ஆரணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அதனால் ரேஷன் கார்டில் பெயர் திருத்துவதிலிருந்து மாமாவின் விபத்து வழக்கு வரை எல்லாக் காகிதமும் என்னிடம் வந்து சேரும். அக்காவின் கையும் அப்படித்தான் வந்தது. "நீ படிச்சவன், இது இன்னான்னு பாரு" என்று அம்மா அதை என் முன்னால் நீட்ட வைத்தாள், ஏதோ கோர்ட் நோட்டீஸ் மாதிரி.

வேலூரில் ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். சின்ன வயது அம்மாதான். கையுறை எதுவும் போடாமல் அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். வெண்புள்ளி என்றார். நம் உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்களை எதிரி என்று நினைத்து அழிப்பதால் வருவது, யாருக்கும் ஒட்டாது என்று சொன்னார். களிம்பு எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு இரண்டு தடவை ஒளி சிகிச்சைக்கு வரச் சொன்னார். சிலருக்கு நிறம் திரும்பும், விரல் நுனியில் திரும்புவது மட்டும் கஷ்டம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். வாரத்துக்கு இரண்டு தடவை வேலூர் பஸ் ஏற அக்காவுக்கு எந்த முதலாளி லீவு கொடுப்பார்? களிம்போடு நின்றது.

அக்கா வேலை பார்ப்பது மார்க்கெட் பக்கத்தில் ஒரு பட்டுக்கடையில். ஒன்பது வருடமாக அங்கே கவுண்டரில் நின்று புடவை காட்டுகிறாள். கல்யாணமாகி இரண்டே வருடத்தில் திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால் அந்தக் கடைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். அவளுக்கு அது வெறும் வேலை இல்லை. முந்தானையை முழங்கையில் போட்டு, புறங்கையை லேசாகத் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் ஜரிகையை ஓட விடுவாள். பட்டு எடுக்க வருகிறவர்கள் புடவையைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதுதான் கெடுதலாகப் போயிற்று. போன பங்குனியில் வந்தவாசியிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்களில் ஒரு அம்மாள், அக்கா விரித்த கூறைப்புடவையைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டு, "வேற பொண்ணு யாராவது இருந்தா வரச் சொல்லுங்க" என்றாராம். முதலாளி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அக்காவைக் குடோனுக்குப் போகச் சொல்லிவிட்டார். புடவைக்கு அட்டை கட்டுகிற வேலை. அதற்கு ஏற்கெனவே ஒரு ஆள் உண்டு. இரண்டு பேருக்கு அங்கே வேலை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆவணி முகூர்த்தக் கூட்டம் தொடங்குவதற்குள் கவுண்டருக்குத் திரும்பாவிட்டால் அவளை நிறுத்திவிடுவார்கள். கணக்குப்பிள்ளை அவள் காதில் விழுகிற மாதிரியே இதைச் சொல்லியிருந்தார்.

முதலாளியிடம் நேராகப் போய்ப் பேச எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் அவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியும். ஊரில் பஸ் நிறுத்தத்து பெஞ்சிலும், பள்ளிக்கூடத்துக் கடிகாரத்திலும், சித்திரை மோர்ப் பந்தலிலும் 'உபயம்' என்று போட்டு அவர் கடைப் பெயர்தான் இருக்கும். மேடை ஏறி நாலு வார்த்தை நல்லது பேசச் சொன்னால் மறுக்க மாட்டார். அந்த நாலு வார்த்தையை நான் எழுதிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. ஊர் முன்னால் மைக்கில் சொன்னதை ஒரு ஆள் மறுநாள் கடையில் மாற்ற முடியாது என்று நம்பினேன். புத்தகத்தில் படித்து வந்த நம்பிக்கையாக இருக்க வேண்டும்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் போனேன். அவர் கல்லாவில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு கடித்துக்கொண்டிருந்தார்.

"தோல் வியாதிக்கா? ஏன் தம்பி, கண் சிகிச்சை முகாம் வெச்சா இன்னா? ரத்த தானம் வெச்சா இன்னா? ஜனங்க வரும்."

"அதெல்லாம் எல்லாரும் வெக்கறாங்க ஐயா. நம்ம ஊர்ல இத யாரும் வெச்சதில்ல. நீங்கதான் மொத ஆளா இருப்பீங்க."

கடிப்பதை நிறுத்தினார். "மொத ஆளா?"

"ஆமாங்க. வேலூர் டாக்டரம்மா வர்றேன்னு சொல்லிட்டாங்க."

"ஆவட்டும் வை. ஃப்ளெக்ஸ், டீ, சுண்டல் எல்லாம் நம்ம உபயம். பேர மட்டும் நல்லா பெரிசா போடு."

எழுந்து வரும்போதுதான் அசல் விஷயத்தைச் சொன்னேன். "நீங்க பேசும்போது ஒரு ரெண்டு வரி ஐயா. எங்க கடையிலயே ஒரு பொண்ணுக்கு இது இருக்கு, அது கவுண்டர்லதான் நிக்குது, இனிமேலும் நிக்கும்னு."

அவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. "சொல்லிடலாம்" என்றார்.

வீட்டில் வந்து சொன்னபோது அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் கைக்கு விழா எடுக்கறியா?"

"உன் கைக்கு இல்லக்கா. பொதுவா."

"பொதுவான்னா அப்பறம் ஏன் எங்க முதலாளி? ஊர்ல வேற முதலாளியே இல்லியா?" முறத்தைத் தட்டினாள். "ஏற்கெனவே நாலு பேரு பாத்துகினு இருக்காங்க. நீ நானூறு பேர இட்டாந்து உக்கார வெக்கப் போற."

"அவரு மேடையில சொல்லிட்டாருன்னா அப்பறம் மாத்த மாட்டாருக்கா."

இன்னொரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு, "ஆடி வரப்போவுது. எதுனா பண்ணித் தொலை" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் அது அலுப்பு மட்டும்தான்.

ஃப்ளெக்ஸ் கடையில் ஒரு சின்னச் சண்டை. கடைக்கார அண்ணன் கம்ப்யூட்டரில் 'வெண்குஷ்டம்' என்று அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த வார்த்த வேணாம்ணா. குஷ்டம் வேற நோய், இது வேற. வெண்புள்ளின்னு போடுங்க."

"சார், நானும் இருவது வருஷமா இதே தொழில்ல இருக்கேன். வெண்புள்ளின்னு போட்டா ஒருத்தனுக்கும் புரியாது. இப்படிப் போட்டாத்தான் திரும்பிப் பாப்பான்."

குஷ்டம் வந்தவர்களை ஒதுக்குவதே தப்பு, அந்தப் பெயரை இன்னொரு நோயின் தலையிலும் கட்டி எல்லோரையும் சேர்த்து ஒதுக்குகிறோம் என்று நான் அவருக்குப் பாடம் நடத்தினேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். பின்னால் ஒரு கட்சிக்காரர் பிறந்தநாள் பேனருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"சரி வுடுங்க, நீங்க படிச்சவரு" என்றார் கடைக்கார அண்ணன். "புரியற மாதிரி நானே டிசைன்ல எதுனா பண்ணிக்கறேன்."

மறுநாள் என் கடையில் மருந்துச் சீட்டோடு ஏழெட்டுப் பேர் நிற்கும்போது போனில் மாதிரிப் படம் வந்தது. கட்டைவிரல் நீளத்துக்கு இருந்த படத்தில் 'வெண்புள்ளி' என்பதற்கு இரண்டு ளகரமும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இருந்தது. சரி என்று அனுப்பிவிட்டு ஒரு தாத்தாவுக்கு சர்க்கரை மாத்திரை எடுக்கப் போனேன்.

தறிக்காரர்கள் தெருவில் உள்ள சமுதாயக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விழா. ஒன்பதரைக்கே பெண்கள் வர ஆரம்பித்தார்கள். இரண்டு பேராக, நான்கு பேராக, நல்ல சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு. நாற்காலி போதவில்லை. பக்கத்துக் கல்யாண வீட்டில் இரவல் கேட்டு ஓடினேன். எங்கள் ஊரை நான் தப்பாக நினைத்துவிட்டேன், இவ்வளவு பேருக்கு இதைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நாற்காலி சுமந்தேன். டாக்டரம்மாவும் வந்து இறங்கியதும், "ஞாயித்துக்கிழமை இவ்வளவு கூட்டமா? வேலூர்ல பத்து பேர் வந்தா அதிகம்" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

அப்போது ஒரு அம்மாள் என் சட்டையைத் தொட்டுக் கூப்பிட்டார். கையில் ஒரு மஞ்சள் பை.

"தம்பி, எடம் எங்க? தரையிலயா, மேடையிலயா?"

"எதுக்கும்மா?"

"கோலத்துக்குத்தான். பதினஞ்சு புள்ளியா, இருவத்தொண்ணா? யாருமே சொல்ல மாட்டேன்றாங்க."

பக்கத்தில் நின்ற இன்னொருத்தி, "மொத பரிசு பட்டுப் பொடவையாமே? என்னா கலருன்னு சொல்லிட்டா நல்லாருக்கும்" என்றாள்.

வெளியே ஓடிப் போய் பேனரைத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். அரக்கு நிறப் பின்னணியில் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். நான்கு மூலையிலும் சிக்குக் கோலம். நடுவில் 'வெண்புள்ளி விழா' என்று இரண்டடி உயரத்துக்கு. முதலாளி கடைப் பெயரைப் பெரிதாக்கச் சொன்னதில் இடம் போதாமல் 'விழிப்புணர்வு முகாம்' என்பது 'விழா'வாகிவிட்டது. 'தோல் நோய் பற்றி' என்று தொடங்கும் வரி அடியில் எறும்பு ஊர்வது போல ஓடியது. அதற்குக் கீழே பட்டுக்கடையின் பெயர், உபயம், மகளிர் அனைவரும் வருக. படித்தவன், படிக்காதவன் யார் பார்த்தாலும் அது கோலப் போட்டிதான். அந்த வார்த்தைக்காகக் கால் மணி நேரம் பாடம் நடத்தியவன் நான்.

மைக்கைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு எழுந்தது. கொஞ்சம் திட்டும் எழுந்தது. "அடுப்ப அணைச்சிட்டு ஓடியாந்தேன், பேஜாரா போச்சு" என்று ஒருத்தி மாவுப் பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். "வந்தது வந்துட்டோம், சுண்டலாவது துன்னுட்டுப் போலாம் வா" என்று இன்னொருத்தி அவளை இழுத்து உட்கார வைத்தாள். பாதிக் கூட்டம் போய்விட்டது. இரண்டு பெண்கள் நான் சொன்னதைக் காதிலேயே வாங்காமல் வாசலில் கோலம் போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பு இல்லை.

முதலாளி வர நேரமானது. அதுவரை டாக்டரம்மா பேசினார். நன்றாகவே பேசினார். மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டால் வருமா என்று கேட்டார்கள். வராது என்றார். தொட்டால் ஒட்டுமா, ஒரே சோப்பு போட்டால் ஒட்டுமா, துணி சேர்த்துத் துவைத்தால் ஒட்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். "அப்ப எப்படித்தான் ஒட்டும்?" என்று ஒரு பெரியம்மா கடைசியில் சலித்துக்கொண்டு கேட்டார். கூடமே சிரித்தது. அக்கா மேடைக்குப் பக்கத்தில் பொன்னாடைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் பல் தெரிந்தது. இது போதும், கோலப் போட்டியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்த நிமிடத்தில் நினைத்தேன்.

முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டை, ஜரிகை வேட்டி. வழியில் எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே நடந்தார். முன் வரிசையில் சுண்டல் தின்றுகொண்டிருந்த அதே பெரியம்மா அவரை நிறுத்தினார்.

"உபயம் நீங்கதானாமே?"

"ஆமாம்மா, நம்மளுதுதான்."

"உங்க வூட்ல யாருக்கு?"

கேட்டது விளையாட்டாக இல்லை. மனதார, அக்கறையோடு கேட்டார். எங்கள் ஊரில் கோயிலுக்கு யார் என்ன உபயம் கொடுத்தாலும் பின்னால் ஒரு வேண்டுதல் இருக்கும். பிள்ளைக்கு என்று தொட்டில் கட்டுவார்கள், கண்ணுக்கு என்று வெள்ளியில் கண் செய்து போடுவார்கள். வெண்புள்ளிக்கு உபயம் கொடுத்தால் வீட்டில் யாருக்கோ வெண்புள்ளி என்றுதானே அர்த்தம்? எனக்கு இது தோன்றியே இருக்கவில்லை. முதலாளிக்கும் தோன்றியிருக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கூடத்தில் இருந்த ஐம்பது தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அவருக்குக் கல்யாண வயதில் பெண் ஒன்று இருக்கிறது.

மேடை ஏறி மைக்கைப் பிடித்தார். நான் எழுதிக் கொடுத்த தாள் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எங்க வூட்லயும் சரி, எங்க கடையிலயும் சரி, ஆண்டவன் புண்ணியத்துல யாருக்கும் இது இல்ல. ஒரு சேவையா நெனைச்சித்தான் பண்றோம்."

பிறகும் ஏதோ பேசினார். ஒட்டாது, பயப்படக்கூடாது, ஒதுக்கக்கூடாது என்றெல்லாம் டாக்டரம்மா சொன்னதையே சொன்னார். கைதட்டினார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். தட்டில் மடித்து வைத்திருந்த பொன்னாடையின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்து விரல்களை மூடிக்கொண்டிருந்தாள். கடைசியில் தட்டைப் பிடித்திருப்பது யார் கை என்றே தெரியாதபடி ஆனது.

பொன்னாடையை நான்தான் போர்த்தினேன். போட்டோகிராபர் இன்னொரு தடவை போர்த்தச் சொன்னார். இன்னொரு தடவை போர்த்தினேன்.

எல்லாம் முடிந்த பிறகு பக்கத்து அறையில் டாக்டரம்மாவைத் தனியாகப் பார்க்க மூன்று பெண்கள் வந்தார்கள். ஒருத்திக்கு முட்டியில், ஒருத்திக்குக் கழுத்துக்குக் கீழே, ஒருத்திக்குப் பாதத்தில். பாதத்தில் இருந்தவள் நான்கு வருடமாக மஞ்சளைக் குழைத்துப் பூசியே மறைத்து வந்திருக்கிறாள். தறி மிதிக்கும்போது மாமியார் கண்ணில் படுமே என்று. "மூணு பேர் வந்தாங்களே, அதுவே பெரிசு" என்று டாக்டரம்மா காரில் ஏறும்போது என்னிடம் சொன்னார். உண்மைதான். எனக்கு அது உறைக்கவில்லை. நான் நாற்காலிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வண்டியில் அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். ஆற்றுப் பாலத்தில் ஒரு நெல் லாரி குறுக்கே நின்றது. வண்டியை நிறுத்தினேன்.

"பாத்தியாக்கா அந்த ஆள? எழுதிக் குடுத்தத படிக்கக்கூட துப்பில்ல."

"அவர ஏன் சொல்ற? அந்தம்மா கேட்ட கேள்வி அப்படி. பொண்ணு வெச்சிருக்கற மனுசன் வேற இன்னா சொல்லுவான்?"

"அதுக்காக? நீ அங்க நிக்கற. உன்ன வெச்சிகினே கடையில யாருக்கும் இல்லன்றாரு."

லாரி ஓட்டுநர் இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார். அக்கா மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீயுந்தான் மைக் புடிச்சிகினு இருந்த. காலையில கோலம் இல்லன்னு சொல்றதுக்குப் புடிச்ச. டாக்டரம்மா பேசறதுக்கு முன்ன வரவேற்புரைன்னு புடிச்ச. நன்றியுரை வேற. எங்க அக்காவுக்கு இருக்குன்னு ஒரு வார்த்த நீ சொன்னியா?"

நான் சொல்லவில்லை. வரவேற்புரை இன்னும் என் போனில் இருக்கிறது. எழுதி எழுதித் திருத்தியது. 'நம் சமூகத்தில் சில சகோதரிகள்' என்று எழுதியிருந்தேன். அக்கா என்ற சொல்லே அதில் இல்லை. அவள் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முதலாளியும் அதைத்தான் சொல்வார் என்று தெரிந்ததால் மூடிக்கொண்டேன்.

"லாரி எடுத்துட்டான், போ" என்றாள்.

செவ்வாய்க்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அக்காவை இல்லை, என்னை. அவள் அதே கடையில் குடோனில்தான் இருந்தாள். கல்லா மேஜைக்குக் கீழிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தார். உள்ளே வெள்ளைப் பருத்திக் கையுறைகள், ஜோடி ஜோடியாக.

"நகைக்கடையில இத மாட்டிகினு காட்டறான் பாரு, அது மாதிரி. பாக்கறதுக்கும் ரிச்சா இருக்கும். நாளையில இருந்து கவுண்டர்ல நிக்கட்டும்." குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு நான் அப்படி சொன்னது... நீயே பாத்த இல்ல. மனசுல வெச்சிக்க வேணாம்னு சொல்லு."

"நீங்களே சொல்லலாமே ஐயா. உள்ளதான இருக்காங்க."

"நீ சொன்னா போதும் தம்பி."

மாலையில் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, நாளைக்கே இதை அவர் மேஜையில் திருப்பி வைத்துவிட்டு வரப்போகிறேன் என்றேன். எனக்கு அது அவமானமாக இருந்தது. டாக்டரம்மா கையுறை போடாமல் தொட்டுப் பார்த்த கைக்கு இவர் கையுறை வாங்கிக் கொடுக்கிறார். மனித உரிமை, சட்டம் என்றெல்லாம் ஆரம்பித்தேன். அக்கா பெட்டியை என் கையிலிருந்து வாங்கினாள்.

"நீ விழா எடுத்த வரைக்கும் போதும். குடு இங்க."

ஒரு ஜோடியை மாட்டிப் பார்த்தாள். விரல்களை மடக்கினாள், விரித்தாள். அம்மா, "நல்லாத்தான் இருக்குது, நர்சு மாதிரி" என்றாள். நான் அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

புதன்கிழமை அதை மாட்டிக்கொண்டு கவுண்டருக்குப் போனாள். அன்று முழுக்க என் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. இரண்டு தடவை சில்லறை தப்பாகக் கொடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் எனக்கு முன்னால் வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவும் பயம். அம்மாதான் கேட்டாள்.

"பட்டு கையில தெரியலம்மா" என்றாள் அக்கா. "நூல் வேற ஒட்டுது. மடிப்பு பிரியவே மாட்டேன்னுது. மூணு மணி இருக்கும், சந்தவாசல் பக்கத்துல இருந்து நாலு பேரு வந்தாங்க, பொண்ணு, அத்தை எல்லாம். அந்த அத்தை என் கையவே பாத்துகினு இருந்துட்டு, 'இன்னாம்மா, கைய சுட்டுகினியா'ன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"கழட்டினேன். எப்படியும் மடிப்பு பிரிக்கணும். தோல்ல நெறம் போயிடுச்சுங்க, வேற ஒண்ணும் இல்லன்னேன்."

"அப்பறம்?" என்று கேட்டது நான்.

"அப்பறம் இன்னா? கிட்ட வந்து பாத்தாங்க. வலிக்குமான்னு கேட்டாங்க. இல்லன்னேன். சரி, அந்த மாம்பழக் கலர எடுன்னாங்க. எடுத்துக் காட்டினேன்."

"வாங்கினாங்களா?"

"இல்ல. வெல ஒத்து வரல."

குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். நான் காத்திருந்தேன். அவளாகச் சொல்கிற மாதிரித் தெரியவில்லை.

"முதலாளி பாத்தாரா?"

"கல்லாவுல இருந்து பாத்துகினுதான் இருந்தாரு. ஒண்ணும் சொல்லல. கெளம்பும்போது மட்டும், நாளைக்கு ரெண்டு கல்யாண கோஷ்டி வருது, ஜல்தியா வான்னாரு."

"எங்க? கவுண்டருக்கா, குடோனுக்கா?"

"கேக்கல." வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். "கவுண்டர்லதான் போய் நிப்பேன். வேணாம்னா அவரே வந்து என்கிட்ட சொல்லட்டும். உன்கிட்ட சொல்லியனுப்பினா வாங்கிகினு வராத."

சரி என்றேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். கெண்டைக்கால் கடுக்கிறது என்றாள். குடோனில் உட்கார்ந்தே செய்கிற வேலை. அங்கே போன பிறகு கால் வலி என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை, இன்றைக்குத்தான் நாள் முழுக்க நின்றிருக்கிறாள். கடையிலிருந்து கொண்டு வந்த வலித் தைலத்தை எடுத்துக் கொடுத்தேன். தேய்த்துக்கொண்டே தூங்கிப் போனாள்.